இரண்டாவது அறுந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "அத்தானை எழுப்பிப் பாத்தேன். எழுந்திருக்கல. நீ கொஞ்சம் வாடா" என்றாள். பால் வாங்கிக்கொண்டு வா என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். அத்தான் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார், மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். அத்தானுக்கு வயது அறுபத்தொன்று.

ஒன்பது மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. பத்து மணிக்கு ஹாலில் இருந்த போன் அடித்தது. அந்த வீட்டில் ஞாயிறு பத்து மணிக்கு போன் அடித்தால் யார் என்று கேட்க வேண்டியதில்லை, அத்தானின் பட்டாளத்துச் சிநேகிதர்தான். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"மாடிக்காரர்டா. நீ எடு. என்னால சொல்ல முடியாது."

எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது.

"என்ன லைன்மேன், இன்னும் குறட்டையா? எத்தனை மணி அடிச்சா எடுப்ப?"

"அண்ணே, நான் மச்சினன் பேசறேன்."

"ஓ, நீங்களா தம்பி. எங்க அவன்?"

சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எப்ப?"

"விடியக்காலைல. தூக்கத்துலயே."

"சரி" என்றார். பிறகு, "நான் வர முடியாது தம்பி. காலு புண்ணாயிருக்கு, கட்டைக் காலை மாட்ட முடியல. தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மறுபடி அவரே பேசினார்: "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரேன்னு சொல்லியிருந்தான். முப்பத்தேழு வருஷத்துல முதல் தடவை."

அது எனக்குத் தெரியும். எதற்காகப் போகவிருந்தார் என்பதும் தெரியும். அத்தான் அவரிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் ஆயிரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில் சொல்லியிருப்பார்.

அதை அவர் என்னிடம் சொன்னது போன வருஷம், கண் ஆஸ்பத்திரியில். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரியட்டும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மணி நேரம். பேப்பர் படிக்க முடியாது, டிவி பார்க்க முடியாது. பச்சைத் துணியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். காலை ஆட்டுவார், சுவரைத் தடவிப் பார்த்து, "இங்க சுவத்துக்குள்ள ஒயர் போகுது மச்சான்" என்பார். ராணுவத்தை விட்டு வந்த பிறகு முப்பது வருஷம் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்தவர். தெருவில் நடந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டார், கம்பத்தைப் பார்ப்பார். "முதல்முதலா நம்ம வீட்டுக்கு வந்தப்பவே அப்படித்தான். நான் ஒருத்தி டீயோட நிக்கறேன், இவர் ஜன்னலுக்கு மேல தொங்கற ஒயரைப் பாத்துக்கிட்டு இருக்கார்" என்று அக்கா இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். இடது உள்ளங்கையில் குறுக்கே ஒரு பள்ளம், பளபளவென்று, தோல் தடித்துப் போயிருக்கும். கைகுலுக்கினால் தெரியும். அது எப்படி வந்தது என்று நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பேச்சுக்காகக் கேட்டது.

"ஒயர் ஓடின தடம்" என்றார். பிறகு கண் கட்டோடு, என் பக்கம் முகத்தைத் திருப்பாமல், முழுவதையும் சொன்னார்.

அத்தான் இருபத்திரண்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கியைப் பிடித்ததைவிட ஒயர் வெட்டுகிற குறடு பிடித்ததுதான் அதிகம். போன் லைன் இழுப்பது, அறுந்தால் கட்டுவது. இரண்டு வருஷத்தில் சண்டை வந்துவிட்டது. ஒரு மலைச்சரிவுக்குக் கீழே, ஆளில்லாத கல்குவாரியில் இவருடைய ஆட்கள் தங்கியிருந்தார்கள். அங்கே கேப்டன் இருந்தார், ஒரு மேஜை அகலத்துக்கு எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருந்தது, அதில் உட்காருகிற ஆபரேட்டர் இருந்தார். எதற்கெடுத்தாலும் "கேக்கல, மறுபடி சொல்லு" என்பதால் அவருக்குச் செவிடர் என்று பெயர். சரிவின் உச்சியில் ஒரு பங்கர். ஏழு பேர் காவல். அதற்கு எல்லோரும் வைத்த பெயர் மாடி. மாடியில் போனை எடுக்கிறவர் அத்தானின் வயதுக்காரர், ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். அவர்தான் மாடிக்காரர். இன்றைக்கு அவர் குடியிருப்பது மாடியே இல்லாத வீட்டில். பெயர் மட்டும் இறங்கவில்லை.

குவாரிக்கும் மாடிக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் கறுப்பு ஒயர், புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தரையோடு தரையாகக் கிடந்தது. எதிராளி பீரங்கியால் ஷெல் அடித்தால் ஆள் சாகிறானோ இல்லையோ, ஒயர் அறுந்துவிடும். அறுந்தால் அத்தான் கிளம்ப வேண்டும். ஒயரை இடது உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, அது கைக்குள் வழுக்கி ஓட ஓட, குனிந்தபடி நடக்க வேண்டும். கை எங்கே வெறுமையாகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. மறுமுனையைத் தேடிப் பிடித்து, நசுங்கிய நுனிகளைக் குறட்டால் வெட்டி எறிந்துவிட்டு, தோலுரித்து, முடிச்சுப் போட்டு, முறுக்கி, டேப் சுற்ற வேண்டும். பிறகு தோளில் தொங்குகிற சின்ன போனை அந்த இடத்தில் மாட்டி, கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். "ஹலோ கீழே. ஹலோ மாடி." இரண்டு பக்கமும் பதில் வந்தால் வேலை முடிந்தது. முடிந்ததும் அத்தான் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு ஒரு பிஸ்கட் தின்பார். ராணுவ பிஸ்கட். செங்கல் என்பார்கள். "பயத்துல வாய் ஒட்டிக்கும் மச்சான். எதையாவது மென்னாத்தான் கால் திரும்பி நடக்கும்."

சரிவுக்குக் கீழே இருந்த ஊர் காலியாகிவிட்டிருந்தது. ஆட்கள் போன பிறகு நாய்கள் மிஞ்சின. அவற்றில் ஒன்று, செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை, ஒரு காது கிழிந்தது, முதலில் சமையல் கூடாரத்தைச் சுற்றியது. பிறகு அத்தானைச் சுற்றியது. லைன் கட்டப் போகும்போது பின்னாலேயே வந்து, அவர் பிஸ்கட் தின்னும்போது எதிரே உட்கார்ந்து அவர் தாடையையே பார்க்கும். பாதியை உடைத்துப் போட்டார். அவர் "ஹலோ ஹலோ" என்று சொன்ன பிறகுதான் பிஸ்கட் வரும் என்பதால், யார் எங்கே ஹலோ என்றாலும் ஓடி வந்தது. பெயர் வைக்கிற வேலை மிச்சம். செவிடருக்குத்தான் தொல்லை. அவர் நாள் முழுவதும் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். "நான் போன் பேசறேனா, நாய் கூப்பிடறேனா?" என்பார்.

மூன்று வாரத்தில் ஹலோ தொழில் கற்றுக்கொண்டது. அத்தான் ஒயரைக் கையில் எடுத்ததுமே முன்னால் ஓடும். அறுந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவர் தடவித் தடவி நடக்க வேண்டியதில்லை, நாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து நேரே போனால் போதும். நாற்பது நிமிஷ வேலை பதினைந்து நிமிஷமாயிற்று. வெட்டவெளியில் ஷெல்லுக்கு நடுவே இருபத்தைந்து நிமிஷம் குறைவது என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மாடியில் இருந்த ஏழு பேரும் அதற்குத் தனித்தனியாக எதையாவது மிச்சம் வைத்தார்கள். மாடிக்காரர் தன் கம்பளியில் ஒரு முழம் கிழித்து அதற்குப் படுக்கை போட்டார். எதையும் புகழாத கேப்டன்கூட, "அந்த நாய்க்கு ரேஷன் கார்டு போடுங்க" என்றாராம்.

பிறகு ஒரு நாள் சண்டை ஓய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு ஷெல் விழவில்லை. மத்தியானம் செவிடர் கூப்பிட்டார்.

"மாடி பேசல. எனக்குத்தான் கேக்கலையா, நிஜமாவே பேசலையா, போய்ப் பாரு."

அத்தான் போனார். அறுநூறு மீட்டர் தூரத்தில் ஹலோ ஒயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒயரின் நுனிகள் ஈரமாக இருந்தன. தட்டையாக நசுங்கி, சின்னச் சின்னக் குழிகளாகப் பல் பதிந்திருந்தது.

"அது என் மூஞ்சியையே பாத்துது மச்சான். வேலையை முடிச்சுட்டேன், கூலியைக் குடுன்னு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கட்டினேன். ஹலோ கீழே, ஹலோ மாடி சொன்னேன். பிஸ்கட் எடுத்தேன். கை தானாப் பாதியை உடைச்சுப் போட்டுடுச்சு. போட்ட பிறகுதான் உறைச்சுது, என்ன பண்ணிட்டோம்னு."

ஒயர் அறுந்தால் மனிதன் வருவான், மனிதன் வந்தால் பிஸ்கட் வரும். இதைக் கற்றுக்கொடுத்தது அத்தான்தான். அவர் ஒருவர்தான் நாய்க்குத் தப்புப் பாடம் நடத்தியவர் என்றும் சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்துதான் அதை மெச்சினார்கள். ஆனால் பிஸ்கட் இவருடையது.

கீழே வந்து செவிடரிடம் சொன்னார்.

"ஷெல்லா?"

"இன்னிக்கு ஷெல் எங்க விழுந்துச்சு?"

"அப்ப?"

"ஹலோ."

"என்ன ஹலோ?"

"ஹலோதான் கடிச்சுது."

செவிடர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "எனக்குக் கேக்கல" என்றார். பதிவுப் புத்தகத்தை இழுத்து, 'கல்லில் உரசித் தேய்ந்து அறுந்தது' என்று எழுதினார்.

அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. ஒயருக்கோ உணவுக்கோ சேதம் செய்கிற நாயைச் சுட வேண்டும் என்று நிலையான உத்தரவு. சுடுகிற வேலை யாருக்குச் சேதமோ அவருக்குத்தான், அதாவது அத்தானுக்குத்தான் வரும்.

அன்று முதல் அத்தான் நாயை மாற்றப் பார்த்தார். ஒயரில் மண்ணெண்ணெய் தடவினார். மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசினார், மறுநாள் அதே ஒயரைப் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தானே ஒரு மணி நேரம் அழுதார். மாடிக்காரர் மேலிருந்து போனில், "என்ன லைன்மேன், குரல் ஒரு மாதிரி இருக்கு, வீட்டு ஞாபகமா?" என்று கேட்டாராம். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அறுந்த இடத்தில் பிஸ்கட் கிடையாது. தினமும் காலையில், லைன் நன்றாக இருக்கும்போதே, நாயைக் கூட்டிக்கொண்டு முழு இரண்டு கிலோமீட்டரும் நடப்பது. மாடியில் போய், எல்லாம் சரி என்று ஆன பிறகு பிஸ்கட். முழு பிஸ்கட். பத்து நாளில் கடி நின்றது. பதினாறு நாள் ஒரு கடி இல்லை. திருந்திவிட்டது என்று நினைத்தார்.

பதினேழாம் நாள் ராத்திரி மூன்றரைக்கு ஷெல் அடி தொடங்கியது. முதல் ஐந்து நிமிஷத்திலேயே மாடி லைன் செத்தது. வயர்லெஸ் பெட்டி இரண்டு நாளாகவே பேசவில்லை. அத்தான் கிளம்பினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாய் முன்னால் ஓடியது. அரை கிலோமீட்டரில் முதல் அறுப்பு. பக்கத்திலேயே பெரிய பள்ளம், மண் சூடாக இருந்தது, வெடிமருந்து நாற்றம். கட்டி முடிக்க நாலு மணி ஆகிவிட்டது. போனை மாட்டினார். கீழே பதில் வந்தது. செவிடர் கேட்காமலே கத்தினார்: "மாடியைக் கீழ இறங்கச் சொல்லணும். பக்கத்து மேட்டை எதிராளி பிடிச்சுட்டான். கேப்டன் உத்தரவு. உடனே." மேலே கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு இடத்திலும் அறுந்திருக்கிறது.

இன்னும் ஒரு கிலோமீட்டர் போன பிறகு ஹலோ உட்கார்ந்திருந்தது. பாதி வழி தவழ்ந்துதான் போனார். இருட்டில், விரலால் பார்த்து, நுனிகளை வெட்டி எறிந்து, கட்டி, மாட்டி, "ஹலோ மாடி, இறங்குங்க" என்று சொன்னபோது நாலு முப்பத்தைந்து. எடுத்தது மாடிக்காரர்தான். "பங்கர்ல விழுந்துடுச்சு லைன்மேன். பத்து நிமிஷம் ஆச்சு. மூணு பேர் போயிட்டாங்க. என் காலு எங்க இருக்குன்னு தெரியல" என்றார். தெளிவாக, சாதாரணமாகச் சொன்னாராம். மிச்சம் மூன்று பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வலது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று.

"ரெண்டாவது இடத்துல பள்ளம் இல்ல மச்சான்" என்றார் அத்தான். "நான் தடவிப் பாத்தேன். வெடிமருந்து வாசனை இல்ல. நுனி ஈரமா இருந்துச்சு. ஆனா அன்னிக்கு மழை. எல்லாமே ஈரம். ஷெல் சில்லு ஒண்ணு தூரத்துலேருந்து பறந்து வந்தும் வெட்டியிருக்கலாம். வெட்டிப் போட்ட துண்டை நான் எடுத்து வெச்சுப் பாத்திருக்கணும். விடிஞ்சதும் போய்த் தேடினேன். கிடைக்கல."

மூன்றாம் நாள் கேப்டன் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்.

"ரெண்டு அறுப்பும் ஷெல்தானா?"

"ஆமா சார். ரெண்டும்."

கேப்டன் எழுதிக்கொண்டார். நாய்தான் இரண்டு இடத்தையும் காட்டிக்கொடுத்தது என்று மற்றவர்கள் சொன்னதையும் எழுதினார். அன்றைக்கு அதற்கு ஒரு முழு டின் இறைச்சி திறந்து வைத்தார்கள். அத்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து மாடிக்காரர் கடிதம் எழுதினார். தன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், ஹலோவைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். 'எங்கள் ஏழு பேரில் நாலு பேர் உயிரோடு இருப்பது அதனால்தான்' என்று ஒரு வரி இருந்ததாம். அத்தான் நாயை ஒயர் சுற்றுகிற காலி டிரம் பெட்டிக்குள் வைத்து, சாமான் லாரியில் ஏற்றி, ஸ்டேஷன் வரை கொண்டுபோனார். வழியில் சோதனைச் சாவடியில் காவலாளி, "பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்க, டிரைவர் பழக்கத்தில் போனை எடுத்தவன் போல "ஹலோ சார்" என்று ஆரம்பிக்க, பெட்டி குரைத்திருக்கிறது. காவலாளி பெட்டியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். "ஒயர் ரொம்ப நல்லா வேலை செய்யுது போல" என்று சொல்லி விட்டுவிட்டானாம். ஸ்டேஷனில் மாடிக்காரரின் அண்ணன் வந்து நாயை வாங்கிக்கொண்டார். அத்தான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்போது மட்டுமல்ல, பிறகும்.

மாடிக்காரருக்கு வீட்டு முன்னறையில் பொதுத் தொலைபேசி நடத்த அனுமதி கிடைத்தது. ஞாயிறு தோறும் அங்கிருந்து பேசுவார். ஹலோ ஒன்பது வருஷம் அவரிடம் இருந்தது. தின்றது, குட்டி போட்டது, கிழமானது, ஒரு நாள் செத்துப் போனது, எல்லாம் போனில் சொன்னார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், பெண் பிறந்ததற்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அத்தானுக்கு ஏதாவது கம்பம் சாய்ந்துவிடும்.

கண் ஆஸ்பத்திரியில் நான், "சொல்லிடுங்க அத்தான்" என்றேன்.

"சொன்னா அவனுக்குக் காலு முளைக்குமா?"

"முளைக்காது."

"ஒன்பது வருஷம் மடியில போட்டு வளத்தான் மச்சான். அது செத்தப்ப போன்ல அழுதான். இப்பப் போய், உன் காலை எடுத்தது அதுவா இருக்கலாம், நான் தெரிஞ்சேதான் மறைச்சேன்னு சொல்லணுமா?"

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லாம எத்தனை நாளு?" என்றார். பிறகு நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே போனில், "நான் வரேன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கே ஆச்சரியம். தேதி குறித்தது போன மாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அத்தான் என்ன சொல்லவிருந்தாரோ அதை நான் சொல்வதா வேண்டாமா என்று ஐந்து மணி நேரமும் முடிவாகவில்லை. மாடிக்காரர் வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். நரைத்த, பருத்த மனிதர். போனில் கேட்கிற குரலுக்கு ஒல்லியான ஆளைத்தான் நான் நினைத்திருந்தேன். முன்னறையில் பழைய கண்ணாடிக் கூண்டு அப்படியே இருந்தது, உள்ளே இஸ்திரிப் பெட்டியும் துணி மூட்டையும். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்காவைப் பற்றிக் கேட்டார், அத்தான் கடைசி நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, அத்தான் உங்ககிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும்னு இருந்தார்."

"நாயைப் பத்தியா?"

அவர் ஊன்றுகோலால் சுவரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். முன்னறையிலிருந்து ஹாலுக்குப் போகிற சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புத்தம்புதிதாக வெள்ளை பிளாஸ்டிக் பட்டை அடித்திருந்தது. ஒயரை மறைக்க எலக்ட்ரீஷியன்கள் அடிக்கிற கேசிங்.

"இதுக்குள்ள டெலிபோன் ஒயர் போகுது. அந்தக் காலத்து ஒயர். பதினாலு ஒட்டு இருக்கு. எல்லாம் நான் போட்டது. வாடிக்கைக்காரன் உள்ள நின்னு பேசிக்கிட்டிருப்பான், திடீர்னு கத்துவான், லைன் போச்சுன்னு. போய்ப் பாத்தா இவ உக்காந்திருப்பா, வாலை ஆட்டிக்கிட்டு. முதல் தடவை சிரிச்சேன். ரெண்டாவது தடவை உக்காந்துட்டேன்."

"தெரிஞ்சுபோச்சா?"

"மாடிக்கு வர்ற லைன் அவ்வளவு தடவை ஏன் செத்துதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ராத்திரியும் நினைப்பு வந்துது. வராம இருக்குமா?"

"அத்தான்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்கு? நாய்க்கு பிஸ்கட் போட்டவன் அவன். நான் சொன்னா, ரெண்டாவது அறுப்பு இவதானோன்னு சாகற வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பான். அவனுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன் தம்பி."

அத்தானுக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். மத்தியானத்துக் கடி, செவிடர் எழுதியது, மிளகாய்த்தூள், பள்ளம் இல்லாத இரண்டாவது இடம், கேப்டனிடம் சொன்ன பதில். ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மிளகாய்த்தூளுக்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

"அப்ப அதுக்காகத்தான் இந்தப் பக்கம் வரலையா?" என்றார் கடைசியில். "கல்யாணத்துக்கு வரல. பொண்ணு பொறந்ததுக்கு வரல. காலில்லாதவனைப் பாக்க அவனுக்குச் சங்கடமா இருக்குன்னு நினைச்சுட்டேன். என் பெண்டாட்டிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

டீ ஆறிப்போயிருந்தது. அவர், "எனக்கு அவன் மேல வருத்தம் கிடையாது. அவ மேலயும் கிடையாது. நாய்க்கு என்ன தெரியும்? ஆனா நான் மன்னிக்கறதுக்கு என் காலு மட்டும்தான் இருக்கு. அந்த மூணு பேரு கணக்கு என் கையில இல்ல. அவன் கையிலயும் இல்ல" என்றார்.

நான், "ஒயரையே பிடுங்கிட்டுப் புதுசு போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். பதினாலு ஒட்டை மூடி மறைப்பதைவிட அது சுலபம்.

"போடலாம். பல் பட்ட இடம் எல்லாம் இருக்கே இதுல" என்றார்.

லைன்மேன் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஒயரைத்தான் பார்ப்பான். நாய் உயரத்தில் பதினாலு ஒட்டைப் பார்த்தால் அடுத்த நொடியே புரிந்துகொள்வான். அதனால் அத்தான் வருகிறேன் என்று தேதி சொன்ன மறுநாளே கடைக்குப் போய்ப் பட்டைகள் வாங்கி வந்திருக்கிறார். குனிய முடியாததால் தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, தினமும் ஒரு பட்டை வீதம் தானே ஆணி அடித்திருக்கிறார். கால் புண்ணானது அதில்தான். முன்னறை, ஹால், சமையலறை வரை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் பண்ணிய பிறகு சுத்தியலைத் தொடவில்லை.

கிளம்புவதற்கு முன் பின்னறையையும் காட்டினார். அங்கே ஒயர் வெறுமையாக ஓடுகிறது. கறுப்பு டேப் சுற்றிய மூன்று ஒட்டுகள் இருக்கின்றன. அடிக்காத பட்டைகள் இரண்டும் மூலையில் சாத்தியிருக்கின்றன.